பாட்டுக்காரனின் சடை

நிலோஜனின் தலைமயிரைப் பற்றி இரண்டு ஊரில் இரண்டு கதை இருந்தது. கல்குடாவில் கேட்டால், அது ரெகே பாடுகிறவர்கள் வளர்க்கிற சடை, ஜமேக்காப் பாணி என்பார்கள். பழுகாமத்தில் கேட்டால், அது கதிர்காமக் கந்தனுக்கு நேர்ந்து வளர்க்கிற சடை, கண்டவர் கை அதில் படக்கூடாது என்பார்கள். இரண்டு ஊருக்கும் நடுவில் மூன்று பஸ் ஏறி இறங்கவேண்டும். அந்தப் புண்ணியத்தில் இரண்டு கதையும் பத்து வருஷம் ஒன்றோடொன்று முட்டாமல் காலம் தள்ளின.

உண்மையைச் சொல்லப்போனால், அந்தச் சடையை வளர்த்தது ஜமேக்காவும் இல்லை, கந்தனும் இல்லை. அவன் மனைவி கஜானி. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, அவனை வேப்பமரத்தடியில் கதிரை போட்டு இருத்தி, மேசைவிரிப்புப் பின்னுகிற கொக்கி ஊசியால் ஒவ்வொரு சடையாக அடியிலிருந்து இறுக்கிக்கொண்டு வருவாள். மூன்று மணித்தியாலம் பிடிக்கும். அவனுக்கு நித்திரை வரும், அவளுக்கு விரல் வலிக்கும். பழுகாமத்துக் கதை அவள் காதுக்கு வந்த நாளில் அவள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"கதிர்காமத்தான் ஒரு நாளாவது வந்து இந்த ஊசியப் பிடிச்சவரா?"

நிலோஜன் பிறந்தது பழுகாமத்தில். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, சூரியன் படுகிற பக்கம் என்பதால் படுவான்கரை என்று பெயர் பெற்ற பக்கம். தகப்பன் இளையதம்பிக்கு, வட்டை என்று சொல்கிற வயல்வெளியில் மூன்று ஏக்கர் வயல். நிலோஜனுக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது ஒரு காய்ச்சல் வந்து, மூன்றாம் நாள் மனிதர் போய்விட்டார். அதற்குப் பிறகு வயலும் மகனும் தாய் அன்னப்பூரணியின் பொறுப்பு. வயலைப் பார்ப்பது அவளுக்குப் பெரிய காரியமாக இருக்கவில்லை. சண்டைக் காலத்தில் ஓர் ஆண்பிள்ளையை வளர்த்தெடுப்பதுதான் பெரிய காரியம். அவளுக்குத் தெரிந்த ஒரே வழி, பிள்ளை யார் கண்ணிலும் படாமல் இருப்பது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை அவளே கத்தரிக்கோலை எடுத்து மண்டை தெரிய வெட்டிவிடுவாள். சிவப்புச் சட்டை வாங்கமாட்டாள். ரோட்டில் விசிலடித்தால் வீட்டில் அடி விழும். பாடுவதென்றால் வட்டைக்குள் போய்ப் பாடு என்பாள். அவனும் வட்டைக்குள் போய்த்தான் பாடினான். கொக்குகள் கேட்டன.

சுனாமி வந்து போன அடுத்த வருஷம், பத்தொன்பது வயதில், கல்குடாவில் வீடு கட்டுகிற வேலைக்கு வந்தான். மேசனுக்குக் கையாள். வேலையைப் பார்க்க வந்த பிரான்ஸ் தேசத்து இஞ்சினியர் ஒருவர் தன் ஜீப் கதவைத் திறந்து வைத்துப் பாட்டுப் போடுவார். முதல் தடவை கேட்டபோது, யாரோ பழகாத ஆட்கள் பிழைபிழையாக வாசிக்கிறார்கள் என்றுதான் நிலோஜன் நினைத்தான். இரண்டாம் நாளும் அதே பிழை. மூன்றாம் நாள் சீமெந்து குழைத்துக்கொண்டிருக்கும்போது விஷயம் பிடிபட்டது. மண்வெட்டி கீழே விழுகிற இடத்தில் கிற்றார் சும்மா இருந்தது. அவன் மண்வெட்டியைத் தூக்குகிற இடத்தில் அது வெட்டியது. விழுகிற இடத்தை விட்டுவிட்டுத் தூக்குகிற இடத்தில் வாசிக்கிற பாட்டு. அன்றைக்கு அவன் குழைத்த கலவை இறுகிப்போய், மேசனிடம் வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சமில்லை.

இஞ்சினியர் அந்தச் சங்கீதத்தின் பெயரை, ரெகே என்று, சீமெந்துப் பைக் கடதாசியில் எழுதிக் கொடுத்தார், அவ்வளவுதான் அவருடைய பங்கு. மற்றதெல்லாம் நிலோஜன் தானாகப் பட்ட பாடு. மட்டக்களப்பு டவுனில் ஒரு பறங்கிக் குடும்பம் அவுஸ்திரேலியாவுக்குப் போகும்போது விற்ற கிற்றாரை வாங்கினான். அதில் ஒரு திருகு உடைந்திருந்தது. அந்தக் கம்பியை மட்டும் குறட்டால்தான் முறுக்கவேண்டும். இன்றைக்கும் அப்படித்தான். பாட்டுக்கு முன்னால் ஒரு பாட்டுக்காரன் இடுப்பிலிருந்து குறட்டை எடுப்பதைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் கைதட்டுவார்கள்.

சண்டை ஓய்ந்து இரண்டு வருஷத்தில் கஜானியைக் கட்டினான். மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். கஜானிக்குச் சீதனமாக வந்த வீடு, ஆறு வருஷத்துக்கு முன் நிலோஜன் கையாளாக நின்று சுவர் பூசிய அதே வீடு. குசினிச் சுவரில் ஒரு மூலை கோணல். அது அவனுடைய கை வேலைதான் என்பதைக் கல்யாணம் முடிந்து ஒரு மாதம் வரை அவன் வாயைத் திறந்து சொல்லவில்லை.

அந்தக் காலத்தில்தான் பாசிக்குடாக் கரையில் ஹோட்டல்கள் வரிசையாக எழும்பின. ஒன்றில் சாப்பாடு பரிமாறுகிற வேலை கிடைத்தது. கொழும்பிலிருந்து வரவேண்டிய இசைக்குழு வராத ஒரு பின்னேரம், "நீ ஏதோ பாடுவாயாமே" என்று மேடையில் ஏற்றிவிட்டார்கள். ஏறியவன் இறங்கவில்லை. முதலில் இங்கிலீஷ் பாட்டுகளைத்தான் பாடினான். பிறகு சொந்தப் பாட்டு. முதல் பாட்டு வட்டைக்குள் வருகிற காட்டு யானையைப் பற்றியது. "யானையாரே, கும்பிடுறம், வேலிக்கு அங்கால நிண்டு கதைப்பம்" என்று தொடங்கும். அவனுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது இரண்டாவது பாட்டு. வாவியைக் கடக்கிற மிதவைக்குப் படுவான்கரையில் பாதை என்று பெயர். அது அக்கரையில் நின்றால், இக்கரையில் நிற்கிறவன் காத்திருக்கத்தான் வேண்டும். குதித்தாலும் கத்தினாலும் அது தன் பாட்டில்தான் வரும்.

பாதை வரும், பாதை வரும்,
கொஞ்சம் குந்து மச்சான்.
தண்ணி இழுக்கிற போக்கில
தானா வரும் மச்சான்.

இந்தப் பாட்டு ஊருக்குள் போன விதம் தனிக் கதை. பேஸ் கிற்றார் வாசிக்கிற ஜிப்ரி ஓட்டமாவடிக்காரன். கட்டாரில் எட்டு வருஷம் வேலை செய்துவிட்டு வந்து போன் திருத்துகிற கடை போட்டிருந்தான். கடைக் கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, பாட்டைப் பதிந்தார்கள். அதற்குப் பிறகு திருத்தக் கொடுத்த போன் எதுவாக இருந்தாலும், "கொஞ்சம் குந்து மச்சான்" என்று மணியடிக்கிற போனாகத்தான் திரும்பிப் போனது. யாரிடமும் கேட்கவில்லை. பள்ளிவாசல் மரைக்காயர் ஒருவருடைய போன் கூட்டத்தின் நடுவில் மணியடித்து, அவர் கடைக்கு வந்து ஜிப்ரியை நன்றாகக் கிழித்தார். கிழித்துவிட்டு, மணியை மாற்றாமலே போய்விட்டார். இரண்டு மாதத்தில் ஏறாவூர் வரை ஓட்டோக்களில் அந்தப் பாட்டு ஓடியது.

சடை அதற்கும் பிறகு வந்தது. ஏன் வளர்த்தாய் என்று கேட்டால் நிலோஜன் சிரித்து மழுப்புவான். கஜானிக்கு மட்டும் ஒருமுறை சொல்லியிருக்கிறான். இருபத்தைந்து வயது வரைக்கும் தலையைக் குனிந்துகொண்டு, யாரும் திரும்பிப் பார்க்காத ஆளாக நடந்து முடித்தாயிற்று, இனி நாலு பேர் பார்க்கட்டும் என்று நினைத்தானாம். பார்க்கத்தான் செய்தார்கள். பொலிஸ்காரர்கள் கஞ்சா தேடி மூன்று முறை கிற்றார்ப் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். கிடைத்தது கஜானி கட்டிக் கொடுத்த தேங்காய்ப்பூ ரொட்டி. சிகரட் புகை பட்டாலே தும்முகிற மனிதன் அவன்.

பழுகாமத்தில் அதை யார் நம்புவார்கள்? சீசன் முடிந்து மாரி தொடங்கினால் கல்குடாவில் பாட்டுக்கு வேலையில்லை. அவன் தாயிடம் போய் விதைப்பு முடித்துக் கொடுத்துவிட்டு வருவான். தோள் வரைக்கும் சடையோடு போன முதல் மாரியிலேயே கதை கிளம்பிவிட்டது. இளையதம்பியர்ட மகன் கஞ்சாவில் விழுந்துவிட்டான். நெல்லுக் குற்றுகிற ஆலையில், வரிசையில் நின்ற பெண்கள் அன்னப்பூரணியின் காதுபடவே பேசினார்கள். அன்னப்பூரணி பொய் சொல்லிப் பழகாதவள். பழகாதபடியால் முதல் பொய்யையே பெரிய இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

"என்னகா தெரியும் உங்களுக்கு? அது நேர்த்தி. பிள்ளை சுகமா இருக்கணும் எண்டு கதிர்காமத்தானுக்கு நான் நேர்ந்து விட்டது."

ஆலையில் சத்தம் அடங்கிவிட்டது. கந்தன் பெயரைச் சொன்ன பிறகு யார் என்ன கதைப்பார்கள்?

நேர்த்திச் சடை என்றால் அந்தப் பக்கத்தில் விளையாட்டு இல்லை. வளர்க்கிறவர் கதிர்காமத்துக்கு நடந்துபோய், மாணிக்க கங்கையில் முழுகி, மொட்டையடித்து இறக்கும் வரைக்கும் அது சாமியின் சொத்து. ஆகவே நிலோஜனுக்கு மரியாதை பிய்த்துக்கொண்டு வந்தது. பஸ்ஸில் எழும்பி இடம் கொடுத்தார்கள். தயிர்ச்சட்டி வந்தது. "மகன் எப்ப இறக்கிற?" என்று அன்னப்பூரணியிடம் கேட்பார்கள். கதிர்காமத்தில் கொடியேறுவது ஆடியில், ஹோட்டல் சீசனும் ஆடியில். "இந்த வருஷம் ஏலா" என்பாள். அடுத்த வருஷமும் அதேதான். வருஷம் போகப் போக ஊர் சந்தேகப்படவில்லை. இவ்வளவு காலம் இழுக்கிறது என்றால் எவ்வளவு பெரிய நேர்த்தி என்றுதான் வியந்தது.

இதெல்லாம் ஏன் என்று தெரியாமலே அவன் ஆறு மாரி தயிர் சாப்பிட்டான். தயிர் கொடுத்தவர்கள் அம்மாவின் சிநேகிதிகள் என்று நினைத்துக்கொண்டான். ஏழாம் மாரியில், அவன் பஸ்ஸில் ஏறப்போகும் நேரம், தவமலர் என்ற பெண் ஓடிவந்து மஞ்சள் துணியில் முடிந்த ஒன்றை அவன் கையில் வைத்தாள். கல்யாணம் முடித்து ஏழு வருஷம், பிள்ளையில்லாதவள்.

"அண்ணன், சடை இறக்கப் போற நேரம் இத அவர்ட பாதத்தில வெச்சிருங்க."

பஸ் வெளிக்கிட்டுவிட்டது. துணியை அவிழ்த்துப் பார்த்தான். விரல் நீளத்தில் வெள்ளியில் செய்த பிள்ளை உருவம். அடுத்த தரிப்பில் இறங்கி, திரும்ப நடந்து வீட்டுக்குப் போனான்.

"அம்மா, என்ட தலையப் பத்தி ஊரில என்ன சொல்லி வெச்சிருக்கீங்க?"

அரிசி புடைத்துக்கொண்டிருந்த அன்னப்பூரணி நிமிராமலே ஆலையில் நடந்ததைச் சொன்னாள்.

"வேற என்னத்தச் சொல்லச் சொல்லுறாய்? கஞ்சா எண்டு சொன்னாளுகள். எனக்கு நெஞ்சு பத்திட்டுது. நேர்த்தி எண்டன். வாயடைஞ்சிட்டுது."

"இத ஆரு கொண்டு போய்க் குடுக்கிற?"

"நீ பஸ்ஸில போய்க் குடுத்திட்டு வாவன்."

அவன் போயிருக்கலாம்தான். கதிர்காமத்துக்குப் பஸ் இல்லையா? ஆனால் சடையோடு போய்ச் சடையோடு திரும்பி வந்தால் ஊர் கேட்கும் என்று பயம். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போட்டான். நிலோஜன் நல்லவன், ஆனால் தள்ளிப்போடுவதில் அவனை வெல்ல ஆளில்லை. வெள்ளிப் பிள்ளை கிற்றார்ப் பெட்டிக்குள், கம்பிகள் வைக்கிற சிறிய அறையில், மூன்று வருஷம் கிடந்தது. புதுக் கம்பி எடுக்கக் கை போகும் போதெல்லாம் அது தட்டுப்படும். அவனும் கையை வெடுக்கென்று எடுப்பான்.

இந்த வருஷம் தை மாதம் தவமலருக்குப் பெண்பிள்ளை பிறந்தது.

அதோடு பழுகாமம் முடிவெடுத்துவிட்டது. நேர்த்திக்காரன் கையில் கொடுத்தது பலித்துவிட்டது, இனியும் சடையை வைத்திருப்பது குற்றம். இந்த ஆடிக்கு ஊரிலிருந்து முப்பது பேர் நடைபயணம் போகிறார்கள். நிலோஜன் முன்னால் வேல் பிடித்து நடக்கவேண்டும், கங்கைக்கரையில் இறக்கவேண்டும். ஊர்ப் பெரியவர்கள் வீட்டுக்கு வந்து அன்னப்பூரணியிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதே மாதத்தில் கல்குடாவில் இன்னொரு காரியம் நடந்தது. ஹோட்டல் மனேஜர் ஷிஹான், காத்தான்குடிக்காரர், சீசன் முழுவதும் நிலோஜன் பாடுவதென்று எழுத்தில் ஒப்பந்தம் போட்டார். ரோட்டுத் திருப்பத்தில் பெரிய போர்ட் ஒன்று நட்டார். அதில் நிலோஜனின் முகம். சடைகள் போர்ட்டின் விளிம்பையும் தாண்டி வெட்டி ஒட்டப்பட்டிருந்தன. ஆடி மாதத்து இரண்டாவது சனிக்கிழமை கொழும்பிலிருந்து பாட்டு வெளியிடுகிறவர்கள் வந்து கேட்பதாகவும், பிடித்துப்போனால் அவனுடைய பத்துப் பாட்டையும் அவர்களே வெளியிடுவதாகவும் ஏற்பாடு. பதினைந்து வருஷமாக அவன் காத்திருந்தது இதற்குத்தான்.

"பாட்டப் பத்திக் கவலயில்ல" என்றார் ஷிஹான். "தலைய மட்டும் கவனமாப் பாத்துக்கங்க. போர்ட்டுக்கு நிறையச் செலவழிச்சிருக்கன்."

ஆனி முடிகிற நேரம் அன்னப்பூரணி கல்குடாவுக்கு வந்தாள். மூன்று பஸ் மாறி, ஒரு பை வட்டைக் கத்தரிக்காயோடு வந்தாள். சாப்பிட்டு முடிந்து கஜானி தேத்தண்ணி வைக்கும்போது விஷயத்தைச் சொன்னாள். போ என்று சொல்லவில்லை. ஊர் சொன்னதைச் சொன்னாள்.

"ஏலாம்மா" என்றான் நிலோஜன்.

"ஏலா எண்டு நான் எப்பிடிப் போய்ச் சொல்லுற?"

"நான் நேர்ந்தனா? நீங்க சொன்ன பொய்க்கு என்ட தலையா?"

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் எவ்வளவு உரத்து வந்துவிட்டது என்று அவனுக்கே தெரிந்தது. கஜானி தேத்தண்ணியோடு குசினி வாசலில் நின்றுவிட்டாள். அன்னப்பூரணி கத்தரிக்காய் கொண்டுவந்த பையை மடித்தாள்.

"ஓம். நான்தான் சொன்ன" என்றாள். "அந்த வெள்ளிப் பிள்ளையத் தா மனே. அதாவது போய்ச் சேரட்டும்."

அவன் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தான். அவள் அதைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, தேத்தண்ணியைக் குடித்து, மருமகளிடம் கத்தரிக்காயைப் பாற்கறி வைக்கச் சொல்லிவிட்டு, மத்தியான பஸ்ஸுக்கே வெளிக்கிட்டாள். கொண்டுபோய்ப் பஸ் ஏற்றிவிட அவன் எழும்பினான். வேண்டாம் என்று கை காட்டினாள். கோபமாக இருந்தால் அவனுக்குச் சுகமாக இருந்திருக்கும். அவள் கோபமாக இல்லை.

"மச்சான், நீ மொட்டையடிச்சாலும் பாட்டு பாட்டுத்தான்டா" என்றான் ஜிப்ரி, கேட்டுவிட்டு. கொஞ்சம் யோசித்து, "ஆனா போர்ட்டுல இருக்கிற ஆளு எங்க எண்டு கேப்பானுகள்" என்றான். நிலோஜனுக்குச் சிரிப்பு வரவில்லை.

நடைபயணக்காரர் வெளிக்கிட்டுவிட்டார்கள் என்று செய்தி வந்தது. முப்பது பேரோடு அன்னப்பூரணியும் நடக்கிறாளாம். அறுபத்து மூன்று வயது, முழங்காலில் வாதம். மகன் ஏன் வரவில்லை என்று கேட்டவர்களிடம், கதிர்காமத்தில் வைத்துச் சொல்கிறேன் என்றாளாம். எட்டாம் நாள், காடு தொடங்குகிற உகந்தையிலிருந்து யாருடையதோ போனில் பேசினாள்.

"நாளைக்குக் காட்டுப் பாதை துறக்காங்க. உள்ளுக்குப் போனா போன் எடுபடாது. நீ சாப்பிட்டயா?"

"சாப்பிட்டன். அம்மா, கால் எப்பிடி?"

"கால் இருக்கு" என்றாள். லைன் அறுந்துவிட்டது.

அதற்குப் பிறகு பல நாள் ஒன்றும் தெரியவில்லை. காட்டுக்குள் நாலைந்து நாள் நடை. யானை உண்டு, தண்ணீர் குறைவு. நிலோஜன் ஒவ்வொரு பின்னேரமும் பாடத்தான் செய்தான். பகலில் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கஜானி ஞாயிற்றுக்கிழமை ஊசியை எடுத்துக்கொண்டு வந்தபோது, வேண்டாம் என்றான். கத்தரிக்கோல் இருந்தால் தா என்றான். அவள் கொடுக்கவில்லை.

"இப்ப இஞ்ச வெட்டிக் கடலில போட்டா அது நேர்த்தியுமில்ல, ஒண்டுமில்ல. உங்கட மனச்சாட்சிக்குப் பயந்து வெட்டுறீங்க. பேசாம இருங்க" என்றாள்.

சொன்னது சரிதான். அவன் கத்தரிக்கோல் கேட்பதை விட்டுவிட்டான். ஆனால் அந்தச் சடை அன்றைக்குப் பாரமாக இருந்த மாதிரி ஒருநாளும் இருந்ததில்லை.

இரண்டாவது சனிக்கிழமை வந்தது. கொழும்பு ஆட்கள் மூன்று பேர் முன்வரிசையில் இருந்தார்கள். கடல் பக்கம் இன்னும் வெளிச்சம் இருந்தது. யானைப் பாட்டு முடிந்து, பாதைப் பாட்டைத் தொடங்கி இரண்டு வரி பாடியிருப்பான். ஹோட்டல் வாசலில் ஏதோ அசைவு தெரிந்தது.

வாசலில் நின்ற காவலாளி மொனராகலைப் பக்கத்துச் சிங்களவர், வயதான மனிதர். ஓட்டோவிலிருந்து ஒரு கிழவி இறங்கி வந்தாள். காவிச் சேலை, கையில் துணிப்பை, தலை முழுக்க மொட்டை. அவர் வேறு எதை நினைப்பார்? பௌத்தத் துறவி அம்மா என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்து, இடுப்பு வரைக்கும் குனிந்து கும்பிட்டார். பிறகு மேசைகளை விலக்கி வழிவிட்டு, கொழும்பு ஆட்களுக்குப் பக்கத்தில் நல்ல கதிரை ஒன்றை எடுத்துத் துடைத்துப் போட்டார். அவளும் என்ன ஏது என்று விளங்காமல் அவரைத் திருப்பிக் கும்பிட்டுவிட்டு அதில் இருந்தாள்.

நிலோஜன் அவளை முகத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டான். பழுகாமத்தில் பெண்பிள்ளைகளுக்குத் தலை வாரும்போது, பூரணியக்காவின் கூந்தல் மாதிரி வரவேண்டும் என்று சொல்லித்தான் வாருவார்கள். இந்த வயதிலும் அவிழ்த்துவிட்டால் இடுப்புக்குக் கீழே விழும். குளித்துவிட்டு வெயிலில் காயவைத்துக்கொண்டு நிற்கும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை இருக்கும், அது ஒன்றுதான் அவள் தனக்கென்று வைத்திருந்த பெருமை. இப்போது அந்த இடத்தில் காய்ந்த சந்தனம் இருந்தது.

அவன் குரல் நின்றது. ஜிப்ரி ஒன்றும் கேட்காமல் பேஸைத் தொடர்ந்து வாசித்தான். நிலோஜன் கிற்றாரைக் கழற்றி வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கி, அவள் காலடியில் மணலில் குந்தினான்.

"அம்மா, என்னம்மா இது?"

"இறக்கிட்டன்."

"என்னத்துக்கு?"

"நேர்ந்தது நான் எண்டுதானே சொன்ன நான். அப்ப இறக்க வேண்டியதும் நான்தானே மனே."

"ஊர்ச் சனத்துக்கு என்ன சொன்னீங்க?"

"பொய் சொன்னன் எண்டு சொன்னன். கங்கைக்கரையில, எல்லாரும் இருக்கக்குள்ள. என்ட பிள்ளை பாட்டுக்கு வளக்கிறான், ஊர் வாய்க்குப் பயந்து சாமிட பேரச் சொல்லிட்டன் எண்டன். அவர்ட்டயும் அதத்தான் சொன்னன். என்ட மயிர எடுத்துக்க, அவன விட்டுடு எண்டன்."

நிலோஜனுக்கு இன்னொரு பெயர் ஞாபகம் வந்தது. கேட்டான்.

"தவமலர்?"

"அவளும் பிள்ளையோட பஸ்ஸில வந்திருந்தாள். வெள்ளிப் பிள்ளைய அவள்ட கையில குடுத்து அவளையே வெக்கச் சொன்னன். மூணு வருஷம் உன்ட பெட்டிக்குள்ளதான் கிடந்தது எண்டும் சொல்லிட்டன். அவள் அதத் திருப்பித் திருப்பிப் பாத்தாள். மறுகா, என்ட பிள்ளை பொய்யில்லத்தானே மாமி எண்டாள். எல்லாரும் சிரிச்சாளுகள். எனக்கும் சிரிப்பு வந்திட்டுது."

சொல்லிவிட்டு அவள் இப்போதும் சிரித்தாள். மொட்டைத் தலையோடு அவள் சிரித்தபோது அவனுக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று பேர் கொழும்பிலிருந்து வந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஷிஹான் தூணுக்குப் பக்கத்தில் நின்று கையைப் பிசைகிறார், அதெல்லாம் அவனுக்குத் தெரிந்தது. தெரிந்தும் அழுதான். அவள் அவன் தலையில் கை வைத்தாள். பத்து வருஷத்தில் அந்தச் சடையை அவள் தொட்டது அதுதான் முதல் தடவை.

"இனி இது உன்ட தலை மனே. ஆருக்கும் ஒண்டும் சொல்லத் தேவையில்ல. எழும்பு. சனம் பாத்துக்கொண்டிருக்கு, போய்ப் பாடு."

அவன் எழும்பி மேடைக்குப் போனான். கிற்றாரை மாட்டினான். பாட்டைத் தொடங்குவதற்கு முன்னால், பதினைந்து வருஷமாக வந்தவர்களிடம் இங்கிலீஷில் மட்டும் பேசி வந்தவன், ஒலிவாங்கியைப் பிடித்துத் தமிழில் சொன்னான்.

"இவ என்ட அம்மா. அன்னப்பூரணி. ஊர் பழுகாமம். எனக்காகத்தான் மொட்டையடிச்சிருக்கா."

வெள்ளைக்காரர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கொழும்பு ஆட்களில் ஒருவர் மற்ற இருவருக்கும் மெதுவாக மொழிபெயர்த்தார். வாசலில் நின்ற காவலாளிக்குத் தமிழ் நன்றாக விளங்கும், இந்தக் கரையில் வந்து எத்தனையோ வருஷம். தான் கும்பிட்டது துறவியை இல்லை, பாட்டுக்காரனின் தாயை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் பாட்டு முடியும் வரைக்கும் அவர் தொப்பியைத் திரும்பப் போடவில்லை.